வெளிநாட்டுல இருந்துக்கிட்டே ஊர்ல வீடு: தோட்டத்துலயா, சைட்டுலயா? பவர், கான்ட்ராக்ட், பூட்டி வைக்கறது பத்தி

காஞ்சிக்கோயில்காரன்

வணக்கமுங்க. ஷார்ஜாவுல குடும்பத்தோட இருக்கறோம், பசங்க ரெண்டு பேரும் அங்கதான் படிக்கறாங்க. இன்னும் சில வருசத்துக்கு அங்கதான் பொழப்பு. ஊர்ல குடும்பத்துக்குன்னு ஒரு வீடு கட்டோணும். அப்பா அம்மா கீழ இருப்பாங்க, நாங்க லீவுக்கு வந்தா மேல. கீழ 1,400 சதுர அடி, மேல 900.

எடம் ரெண்டு இருக்குது. ஒண்ணு, பெருந்துறை பக்கம் அப்பா பேருல இருக்கற தோட்டம். கீழ்பவானி பாசனம். அதுல ரோட்டோரமா 15 சென்ட் ஒதுக்கிக் கட்டுன்னு அப்பா சொல்றாரு. இன்னொண்ணு, ஈரோட்டை ஒட்டி டீடிசிபி (நகர ஊரமைப்புத் துறை) அப்ரூவல் ஆன சைட், 5.5 சென்ட், வெலைக்கு வருது. மச்சான் ஈரோட்டுலயே இருக்கறாரு, அவரு பேருல பவர் (அதிகாரப் பத்திரம்) எழுதிக் குடுத்துட்டா எல்லாம் பாத்துக்கறேங்கறாரு.

கேக்கறது இதுதான்: எந்த எடம்? பவர் எந்த அளவுக்குக் குடுக்கலாம்? கூலிக்கு விடறதா, மெட்டீரியலோட விடறதா? அங்க உக்காந்துக்கிட்டு வேலை சரியா நடக்குதான்னு எப்படிப் பாக்கறது? அப்பா அம்மாவுக்கு 70 தாண்டிருச்சு, அதுக்குத் தோதா என்ன செய்யோணும்? "நம்பிக்கையான ஆளாப் பாருங்க"ங்கறதை எல்லாரும் சொல்லிட்டாங்க. அளவும் முறையும் தெரிஞ்சவங்க சொன்னா நல்லா இருக்கும்.

பத்திரம்_பவானி

நிலம் யாருதுன்னு மொதல்ல தெளிவு பண்ணிக்கோங்க. தோட்டம் அப்பா பேருல இருந்தா அதுல கட்டறதுக்கு மச்சானுக்குப் பவர் குடுக்க வேண்டியவரு அப்பா, நீங்க இல்லை. பிளான் அப்ரூவல், ஈ.பி., வரி எல்லாமே அவரு பேருலதான் வரும். பணம் மட்டும்தான் உங்களுது. கட்டடம் நிலத்தோட சேர்ந்தது, யாரு காசு போட்டாங்கன்னு பத்திரம் பாக்காது. நாளைக்குப் பங்கு பிரிக்கறப்ப அக்கா தங்கச்சிகளுக்கும் அதுல சரிபங்கு உண்டு. அவங்க கேப்பாங்களா மாட்டாங்களாங்கறது வேற விசயம். எழுத்துல இருக்கோணும்.

"அப்படின்னா அந்த 15 சென்ட்டை இப்பவே எம்பேருக்கு செட்டில்மென்ட் (வெலை இல்லாம எழுதிக் குடுக்கறது) பண்ணிறட்டும்"னு அடுத்து கேப்பீங்க. அங்கதான் நெறைய பேரு சிக்கிக்கறாங்க. வெளிநாட்டுல குடியிருக்கற இந்தியர் விவசாய நிலம், பிளான்டேசன், பண்ணை வீடு மூணையும் வெலைக்கு வாங்கக் கூடாது, தானமாவும் வாங்கக் கூடாது. ஃபெமா, அதாவது அந்நியச் செலாவணிச் சட்டம், அப்படி. வாரிசா வந்தா மட்டும் வெச்சுக்கலாம். சார்பதிவாளர் ஆபீஸ்ல பத்திரம் பதிவாயிருச்சுங்கறதாலயே அது செல்லும்னு ஆகாது. பின்னாடி விக்கறப்ப, பணத்தை வெளிய கொண்டு போறப்ப பேங்க்ல நிக்கும்.

ஆக வழி ரெண்டு. அப்பா உயில் எழுதிப் பதிவு பண்ணி வைக்கலாம். இல்லீன்னா அந்த 15 சென்ட்டை மொதல்ல தனி உட்பிரிவு பண்ணி, நில உபயோக மாற்றம் வாங்கி, மனையா அனுமதி ஆனதுக்கு அப்புறம் செட்டில்மென்ட் எழுதலாம். குடும்பத்துக்குள்ள செட்டில்மென்ட்டுக்கு முத்திரைத் தீர்வை 1 சதவீதம்தான், அதுக்கும் உச்சவரம்பு இருக்குது. தோட்டம் புஞ்சையா நஞ்சையான்னு அ-பதிவேட்டுல (கிராம நிலக் கணக்கு) பாருங்க. நஞ்சைன்னா உபயோக மாற்றம் கலெக்டர் ஆபீஸ் வரைக்கும் போகும், நாளும் ஆகும். பூர்வீகச் சொத்தா இருந்தா செட்டில்மென்ட்டுக்கு முன்னாடியே கூடப் பொறந்தவங்ககிட்ட விடுதலைப் பத்திரம் வாங்கிருங்க. அப்புறம் வண்டித்தடம்: புலப்படத்துல (நில அளவை வரைபடம்) அது பொதுத்தடமா, பக்கத்துக் காட்டுக்காரர் விட்ட தடமான்னு பாருங்க. வீடு கட்டினதுக்கு அப்புறம் தடத்துக்குச் சண்டை போடறது நம்ம பக்கம் புதுசு இல்லை.

சைட்டுன்னா உங்க பேருலயும் வீட்டுக்காரம்மா பேருலயும் ஒட்டுக்காவே வாங்கலாம், தடை இல்லை. மூலப்பத்திரம், 30 வருச வில்லங்கம், விக்கறவர் பேருல பட்டா, லேஅவுட் அப்ரூவல் நம்பர், அந்த லேஅவுட் வரைபடத்துல உங்க சைட் நம்பர், ரோட்டையும் பொது எடத்தையும் உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதிக் குடுத்தாச்சா, இத்தனையும் கையில வரோணும். எட்டு மனைக்கு மேல இருக்கற புது லேஅவுட்டுன்னா ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) நம்பரும் கேளுங்க. "அப்ரூவல் வந்துட்டே இருக்குது"ன்னா திரும்பிப் பாக்காம வந்துருங்க. 20.10.2016-க்கு முன்னால பதிவான அங்கீகாரம் இல்லாத மனைக்கு மட்டும்தான் வரன்முறை (பின்னாடி அங்கீகாரம் வாங்கற வழி) உண்டு. பதிவுச் செலவு தீர்வை 7, கட்டணம் 2, ஆக மொத்தம் 9 சதவீதம். வழிகாட்டி மதிப்பு, பேசின வெலை ரெண்டுல எது அதிகமோ அதுக்கு. விக்கறவரும் வெளிநாட்டுல இருக்கறவரா இருந்தா வரிப் பிடித்தம் வேற கணக்கு, ஆடிட்டரைக் கேக்காம அட்வான்ஸ் குடுக்காதீங்க.

பவர் விசயம். பொதுப் பவர் வேண்டாம், குறிப்பிட்ட வேலைக்கு மட்டும் எழுதுங்க. சர்வே நம்பர், அளவு, நாலு எல்லை போட்டு, "கட்டட அனுமதிக்கு விண்ணப்பிக்க, ஈ.பி., குடிநீர் இணைப்பு வாங்க, வரி கட்ட, அதிகாரிகள் முன்னாடி கையெழுத்துப் போட" அவ்வளவுதான். விக்க, அடமானம் வைக்க, அட்வான்ஸ் வாங்க, வாடகைக்கு விட அதிகாரம் இல்லைன்னு வெளிப்படையாவே ஒரு வரி சேருங்க. முடிவு தேதியும் போடுங்க. மச்சான் மேல சந்தேகப்பட்டு இல்லீங்க, அவருக்கும் இதுதான் பாதுகாப்பு. சைட் ரெண்டு பேரு பேருல இருந்தா ரெண்டு பேரும் கையெழுத்துப் போடோணும்.

ஷார்ஜாவுல இருந்து எழுதினா துபாய் இந்தியத் துணைத் தூதரகத்துல சான்று வாங்கி ஒரிஜினலை அனுப்புங்க. அது இந்தியாவுக்குள்ள வந்து சேர்ந்த மூணு மாசத்துக்குள்ள மாவட்டப் பதிவாளர் ஆபீஸ்ல முத்திரைத் தீர்வை கட்டி அட்ஜூடிகேசன் (தீர்வை சரியாக் கட்டினதுக்குச் சான்று வாங்கறது) பண்ணோணும். கூரியர் உறையைத் தூக்கிப் போட்டுராதீங்க, வந்த தேதிக்கு அதுதான் ஆதாரம். லீவுல ஊருக்கு வர்றதா இருந்தா நேரா சார்பதிவாளர் ஆபீஸ்லயே எழுதிருங்க, பாதி அலைச்சல் மிச்சம்.

பணத்தைப் பத்தி ஒரு வார்த்தை. வெளிநாட்டுக்குப் போனதுக்கு அப்புறமும் பழைய சேவிங்ஸ் அக்கவுண்ட்டை அப்படியே ஓட்டிட்டு இருந்தா அதை என்.ஆர்.ஓ.வா (வெளிநாட்டுல இருக்கறவங்க இந்திய வருமானத்துக்கு வைக்கற கணக்கு) மாத்துங்க. கட்டற செலவை என்.ஆர்.இ.ல (வெளிநாட்டுச் சம்பாத்தியம் போடற கணக்கு) இருந்து நேரா கான்ட்ராக்டர் அக்கவுண்ட்டுக்கு அனுப்புங்க. மச்சான் அக்கவுண்ட்டுக்குப் போட்டு அவரு ரொக்கமா எடுத்துக் குடுத்தா, பின்னாடி விக்கறப்ப கட்டட அசல் செலவுக்குக் காட்ட ஒரு துண்டுச் சீட்டு இருக்காது. அசல் குறைஞ்சா ஆதாயம் ஏறும், வரியும் ஏறும்.

சைட்_இன்ஜினியர்_பல்லடம்

மேல சொன்னவரு பத்திரத்தைச் சொல்லிட்டாரு, நான் கட்டடத்தைச் சொல்றேன்.

ஈரோட்டு சைட் 5.5 சென்ட்டுன்னா 2,396 சதுர அடி. 2,500 சதுர அடி வரைக்கும் மனை, 3,500 வரைக்கும் கட்டடம், கீழ ஒண்ணு மேல ஒண்ணுன்னா 2024 ஜூலையில இருந்து சுயசான்று முறையில ஆன்லைன்லயே உடனடி அனுமதி. உங்க 2,300 அதுக்குள்ள அடங்குது. ஆனா உடனடியா வந்துருச்சுங்கறதால யாரும் வந்து பாத்துட்டாங்கன்னு அர்த்தம் இல்லை. பக்கவாட்டு எடம் விடறது, உயரம் எல்லாம் பிளான்ல காட்டின மாதிரியே இருக்கோணும்.

தோட்டத்துல கட்டினா ரெண்டு விசயம். ஒண்ணு கரண்ட். கெணத்து மோட்டருக்குக் குடுத்த இலவச சர்வீஸ்ல இருந்து கட்டட வேலைக்கு ஒரு வயர் கூட இழுக்கக் கூடாது. வேலைக்குத் தற்காலிக இணைப்பு, வீட்டுக்குத் தனி வீட்டு சர்வீஸ். இன்னொண்ணு வாய்க்கால். கீழ்பவானியில வழக்கமா ஆகஸ்ட் 15-க்குத் தண்ணி விட்டா 120 நாள் ஓடும். அந்தக் காலத்துல கசிவுநீர் ஏறி நிலத்தடி மட்டம் மேல வந்துரும். மே மாசம் குழி தோண்டிப் பாத்தா காஞ்சு கெடக்கும், அதே குழி ஐப்பசியில ஊறும். பேஸ்மென்ட் உயரம், செப்டிக் டேங்க், சம்ப் (தரைக்குக் கீழ கட்டற தண்ணித் தொட்டி) மூணையும் ஐப்பசி மட்டத்தை வெச்சுத்தான் முடிவு பண்ணோணும். சம்ப் அடித்தளம் மொக்கையா இருந்து, தொட்டி காலியாவும் இருந்தா கீழ இருந்து வர்ற அழுத்தத்துல தரை வெடிக்கும். வீட்டைப் பூட்டிட்டுப் போறப்ப சம்பைக் காலி பண்ணாம நிறைச்சு வைக்கச் சொல்றது அதனாலதான்.

மண்ணு: பெருந்துறைப் பக்கம் பெரும்பாலும் செம்மண்ணு, கொஞ்ச ஆழத்துலயே ஓடைக்கல்லோ பாறையோ வந்துரும். கரிசல் தட்டுப்பட்டா மட்டும் உசாரா இருங்க. அது மழைக்கு உப்பி வெயிலுக்குச் சுருங்கும், செவுத்துல கோணலா வெடிப்பு வரும். கரிசலைத் தாண்டிக் கெட்டி மண்ணு வரைக்கும் போகோணும். இல்லீன்னா அண்டர்ரீம் பைல் (மண்ணுக்குள்ள எறக்கற, அடி அகலமான கான்கிரீட் தூண்), அதுக்கு மேல பிளிந்த் பீம் (தரை மட்டத்துல சுத்தி வர்ற பீம்). தோண்டின கரிசலையே திரும்ப பேஸ்மென்ட்டுக்குள்ள கொட்டக் கூடாது. கிராவல் கொட்டி அரை அடிக்கு ஒருக்கா தண்ணி விட்டுத் திம்ஸ் போட்டுக் கெட்டிப்படுத்தோணும்.

கூலியா, மெட்டீரியலோடவா? கூலிக்கு விட்டா தினம் சைட்டுல ஒருத்தர் நிக்கோணும், சிமெண்ட் தீர்ந்தா அந்த மணிக்கே வாங்கிப் போடோணும். மச்சானுக்கு வேற வேலை இருந்தா அது நடக்காது. வெளிநாட்டுல இருந்து பாக்கறவங்களுக்கு மெட்டீரியலோட விடறதுதான் தோது. ஆனா "சதுர அடிக்கு இவ்வளவு"ன்னு ஒத்தை வரி அக்ரிமெண்ட் போடாதீங்க. கம்பி எந்த கிரேடு, சிமெண்ட் எந்த வகை, கதவு என்ன மரம், டைல்ஸ் அடிக்கு எவ்வளவு வரைக்கும், வயர், பைப், பெயிண்ட் எத்தனை கோட், எல்லாம் இணைப்புல வரோணும். ஸ்ட்ரக்சுரல் டிராயிங்கும் கம்பி வளைக்கற பட்டியலும் அக்ரிமெண்ட்டோட சேர்ந்து இருக்கோணும். அப்புறம், கான்ட்ராக்டருக்குச் சம்பந்தம் இல்லாத ஒரு இன்ஜினியரை விசிட்டுக்கு இவ்வளவுன்னு நீங்களே பேசி வெச்சுக்கோங்க. கான்ட்ராக்டரே "எங்க இன்ஜினியர் பாத்துக்குவாரு"ன்னு சொல்றவரு உங்க ஆள் இல்லை.

பணம் நான் சொல்ற விகிதம்: அட்வான்ஸ் 10, பேஸ்மென்ட் முடிஞ்சு 20, லிண்டல் (கதவு, ஜன்னல் மேல்மட்டம்) 15, கூரை போட்டு 25, பூச்சு 15, சாவி குடுக்கறப்ப 10, கடைசி 5 சதவீதம் ஒரு ஐப்பசி கார்த்திகை மழை கழிஞ்சதுக்கு அப்புறம். அந்த 5-க்கு எல்லா கான்ட்ராக்டரும் மூஞ்சியைச் சுளிப்பாங்க. விட்டுக் குடுக்காதீங்க, மொட்டைமாடி ஒழுகறது மழை வந்தாத்தான் தெரியும்.

இப்ப முக்கியமானது. மூடிட்டா திரும்பப் பாக்க முடியாத வேலைதான் ஏமாத்தற எடம். குழியோட அடி, ஃபுட்டிங் (தூணோட அடித்தளம்) கம்பி, பிளிந்த் பீம் கம்பி, கூரைக் கம்பியும் அதுக்குள்ள போற பைப்பும், பூச்சுக்கு முன்னாடி செவுத்துக்குள்ள போற லைன், பாத்ரூம் வாட்டர்ப்ரூஃப். இந்த ஒவ்வொண்ணுலயும் இன்ஜினியர் பாத்து எழுதிக் குடுக்காம அடுத்த வேலை நடக்கக் கூடாதுன்னு அக்ரிமெண்ட்லயே போடுங்க. வாட்ஸாப்பில் நடந்துக்கிட்டே எடுத்து அனுப்பற வீடியோவால ஒண்ணும் தெரியாது. டேப்பைக் கம்பி மேல வெச்சு போட்டோ கேளுங்க. கூரையில 8 எம்எம் கம்பி 150 மில்லிக்கு ஒண்ணுன்னு டிராயிங் சொன்னா, 11 கம்பி எண்ணினா டேப் 1.5 மீட்டர் காட்டோணும். 1.8 காட்டினா ஆறுல ஒரு கம்பி காணோம்னு அர்த்தம். கம்பிக்குக் கீழ ஜல்லித் துண்டு முட்டுக் குடுத்து இருந்தா நிறுத்துங்க. கவர் பிளாக் (கம்பியைத் தூக்கி நிறுத்தற சின்னக் கட்டி) வைக்கோணும்: கூரைக்கு 20 மில்லி, பீமுக்கு 25, தூணுக்கு 40, ஃபுட்டிங்குக்கு 50. இது இல்லாமத்தான் பத்து வருசத்துல துருப்பிடிச்சு சீலிங் பேந்து விழுது.

கம்பி எடையை நீங்களே அங்க இருந்து சரி பாக்கலாம். விட்டத்தை மில்லியில எடுத்து, அதை அதாலயே பெருக்கி 162-ஆல வகுத்தா ஒரு மீட்டருக்கு எத்தனை கிலோன்னு வரும். 8 எம்எம் 0.395, 10 எம்எம் 0.617, 12 எம்எம் 0.888, 16 எம்எம் 1.58. லாரி எடைச் சீட்டையும் கம்பி எண்ணிக்கையையும் போட்டோ அனுப்பச் சொல்லுங்க, 12 மீட்டர் நீளம்னா பெருக்கிப் பாத்துருங்க. சிமெண்ட்டும் அப்படித்தான். உங்க கீழ்த்தளக் கூரை 1,400 சதுர அடி, 5 இஞ்சு கனம்னா சுமார் 16.5 கன மீட்டர். எம்20 கான்கிரீட், அதாவது சிமெண்ட், மணல், ஜல்லி 1:1.5:3, கன மீட்டருக்கு 8 மூட்டை வரும். ஆக 130 மூட்டைக்குக் கிட்ட செலவாகோணும், பீம் தனி. 90 மூட்டையில முடிச்சுட்டேன்னு ஒருத்தர் பெருமையாச் சொன்னா அது சிக்கனம் இல்லீங்க. அந்த அளவு கான்கிரீட்டுக்கு விதிப்படி மூணு சாம்பிள், சாம்பிளுக்கு மூணு க்யூப் (சோதிக்கற கான்கிரீட் கட்டி), 28 நாள் கழிச்சு லேப் ரிசல்ட்.

ரெடிமிக்ஸ் (கலந்தே வண்டியில வர்ற கான்கிரீட்) வாங்கினா சுமார் மூணு வண்டி. டெலிவரி சீட்டுல கிளம்பின நேரம் இருக்கும், ரெண்டு மணி நேரத்துக்குள்ள கொட்டி முடிக்கோணும். டிரம்முக்குள்ள சைட்டுல தண்ணி ஊத்தக் கூடாது, ஓடலைன்னு கொத்தனார் கேப்பாரு, குடுக்காதீங்க. சைட்டுலயே கலக்கினா மூட்டைக்கு 27 லிட்டருக்கு மேல போகக் கூடாது.

தண்ணி: நம்ம பக்கம் போர் ஆழம் போகப் போக உப்பு ஏறுது. கம்பி போட்ட கான்கிரீட்டுக்குக் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள்ள இருக்கோணும். வேலை ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே லேப்ல குடுத்துப் பாருங்க. மீறினா கான்கிரீட்டுக்கு லாரித் தண்ணிதான். இதுல மிச்சம் புடிக்கறதை அப்புறம் நாலு மடங்கா எடுத்து வெக்கோணும்.

செங்கல்: 2021-ல தடாகம் சூளைகளை மூடினதுக்கு அப்புறம் கோயமுத்தூரைச் சுத்தி செங்கல் வர்ற எடம் லோடுக்கு லோடு மாறுது. ஒவ்வொரு லோடுலயும் அஞ்சு கல்லைக் காய வெச்சு எடை போட்டு, ஒரு நாள் முழுக்கத் தண்ணியில போட்டுத் திரும்ப எடை போடுங்க. 20 சதவீதத்துக்கு மேல குடிச்சிருந்தா லோடைத் திருப்பிருங்க.

கூரை போட்ட அடுத்த நாள்ல இருந்து பாத்தி கட்டித் தண்ணி நிக்கோணும். பிபிசி (சாம்பல் கலந்த) சிமெண்ட்டுன்னா கொறைஞ்சது 10 நாள். முட்டுப் பிரிக்கறது: 4.5 மீட்டர் வரைக்கும் அகலம்னா 7 நாள், அதுக்கு மேல 14. பீமுக்கு 6 மீட்டர் வரைக்கும் 14, அதுக்கு மேல 21. சென்ட்ரிங்காரருக்கு வேற சைட் இருக்கும், அவசரப்படுவாரு. பிரிக்கற தேதியை இன்ஜினியர்தான் சொல்லோணும்.

கறையான் மருந்து கட்டறப்பவே அடிக்கறதுதான் மலிவு. இமிடாகுளோபிரிட் 30.5 சதவீதம், லிட்டருக்கு 2.1 மில்லி கலந்து, சதுர மீட்டருக்கு 5 லிட்டர். குழியில ஒரு தடவை, தரைக் கான்கிரீட்டுக்கு முன்னாடி பேஸ்மென்ட் நிரப்பின மேல ஒரு தடவை. கெணறு, போர் பக்கத்துல இருந்தா அந்தப் பக்கம் அடிக்காதீங்க.

பெரியவங்களுக்கு: படுக்கை, பாத்ரூம், சமையல் மூணும் கீழயே. வாசல்ல படியோட ஒரு சாய்தளமும் வேணும், ஒரு அடி உயரத்துக்கு 12 அடி நீளம். கதவு 3 அடி. பாத்ரூம் கதவு வெளிப்பக்கமாத் திறக்கோணும், தாழ்ப்பாள் வெளிய இருந்தும் திறக்கற மாதிரி. உள்ள விழுந்தவங்க கதவுக்குக் குறுக்க கெடந்தா உள்பக்கம் திறக்கற கதவைத் தள்ளவே முடியாது. கைப்பிடிக் கம்பி மாட்டற எடத்தைச் செவுறு கட்டறப்பவே முடிவு பண்ணுங்க, ஓட்டைக் கல்லுலயோ டைல்ஸ் மேலயோ மட்டும் திருகினா ஆள் எடை தாங்காது. பாத்ரூம் தரைக்குச் சொரசொரப்பான டைல்ஸ், வாசப்படி வேண்டாம்.

காஞ்சிக்கோயில்காரன்

ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றிங்க. அப்ரூவல் சைட்டுக்கே போயிரலாம்னு தோணுது. அப்பாவைச் சம்மதிக்க வைக்கறது தனிக் கதை. ரெண்டே சந்தேகம். பூட்டியே கெடந்தா மாடி என்ன ஆகும்? அப்புறம், எங்க லீவு ஜூலை, ஆகஸ்ட்டுதான். புதுமனை புகுவிழா அப்ப வைக்க முடியுமா?

நொய்யல்_சிங்கப்பூர்

லீவுக் கணக்கு மொதல்ல. ஆடி கணக்குல வராது, அதுல நம்ம பக்கம் யாரும் பால் காய்ச்ச மாட்டாங்க. ஆனியும் பாக்க மாட்டாங்க. மிச்சம் ஆகஸ்ட் 17 வாக்குல பொறக்கற ஆவணிதான். உங்க பசங்களுக்குப் பள்ளிக்கூடம் திறக்கறதுக்கு முன்னாடி ஒரு வாரமோ பத்து நாளோ கெடைக்கும். அதை விட்டா புரட்டாசி, அப்புறம் மழை, மார்கழி. அடுத்தது தை. அதனால முகூர்த்தத்துல இருந்து பின்னாடி எண்ணிக்கிட்டு வாங்க: ஆவணி முகூர்த்தம்னா பெயிண்ட் முடிய ஆனிக் கடைசி, பூச்சு முடிய சித்திரை. கான்ட்ராக்டர்கிட்ட முகூர்த்தத் தேதியைச் சொல்லாதீங்க, ஒரு மாசம் முன்னாடி தேதியைச் சொல்லுங்க. வேலையைப் பாக்க வீட்டுக்காரம்மாவும் பசங்களும் ஊர்ல தங்கறதா இருந்தா, தொடர்ச்சியா ஆறு மாசம் தாண்டினா அமீரக ரெசிடென்ஸ் விசா போயிரும், அதையும் கணக்குல வைங்க.

மாடி. கட்டறப்பவே மாடியைத் தனியாப் பூட்டற மாதிரி பண்ணிக்கோங்க: படி முடியற எடத்துல ஒரு கதவு, மாடிக்குத் தனி டிபி (கரண்ட் சுவிட்ச் பெட்டி), தனி தண்ணி வால்வு. கீழ இருக்கறவங்க பொழைப்பு நடக்கும், மேல கரண்ட்டும் தண்ணியும் நின்னுரும்.

பூட்டின மாடியில மொதல்ல கெட்டுப் போறது பாத்ரூம் டிராப். அதுல நிக்கற ரெண்டு இஞ்சு தண்ணிதான் சாக்கடை நாத்தத்தையும் கரப்பானையும் தடுக்குது. வெயில் காலத்துல சில வாரத்துலயே காஞ்சுரும். பூட்டறப்ப டிராப்புல தண்ணி ஊத்தி மேல ரெண்டு ஸ்பூன் எண்ணெய் விடுங்க, ஆவியாகறது வெகுவாக் குறையும். டாய்லெட் மூடியை பிளாஸ்டிக் சீட் போட்டு ஒட்டிருங்க. ஃபிரிட்ஜைக் காலி பண்ணிக் கதவைத் திறந்தே வைங்க. அலமாரிக் கதவும் அப்படியே. கட்டிலு, பீரோ எல்லாம் செவுத்துல இருந்து அரை அடி தள்ளி இருக்கோணும், மெத்தையை நிமித்தி வைங்க. வென்டிலேட்டருக்குக் கொசுவலை அடிச்சுத் திறந்தே விடுங்க, காத்துப் போகாத அறையில ஐப்பசி கார்த்திகையில பூசணம் புடிச்சுரும்.

மழைக்கு முன்னாடி மொட்டைமாடித் தண்ணி போற வாய் எல்லாத்தையும் கூட்டிவிட ஆள் வேணும். வேப்பலைச் சருகு ஒரு கைப்புடி அடைச்சாப் போதும், மாடி குளமாகி எங்காவது வழி தேடி எறங்கும். வீடு ஒழுகுதுன்னு சொல்றதுல பாதி இதுதான், கூரைக் கோளாறு இல்லை.

ஆனி ஆடிக் காத்துக்குத் தொட்டி மூடியைக் கட்டி வைங்க, பாலக்காட்டுக் கணவாய் வழியா வர்ற காத்து மூடியைத் தூக்கி அடுத்த காட்டுல போட்டுரும். மோட்டரைப் பதினஞ்சு நாளைக்கு ஒருக்கா பத்து நிமிசம் ஓட விடோணும், உப்புத்தண்ணியில ஓடாம நின்னா புடிச்சுக்கும். இன்வெர்டர் பேட்டரியை மெயினை அணைச்சுப் போட்டுட்டுப் போகாதீங்க, சார்ஜ் எறங்கி மாசக்கணக்கா நின்னா திரும்ப ஏறாது. அதைக் கீழ்த்தள லைன்லயே வைங்க, மூணு மாசத்துக்கு ஒருக்கா டிஸ்டில்டு வாட்டர். ஈ.பி. லைனோட சேர்ந்த சோலார் போட்டாலும் அதே கதைதான், மெயின் அணைஞ்சா அதுவும் நின்னுரும்.

ஈ.பி. பில்லு ரெண்டு மாசத்துக்கு ஒருக்கா, சொத்து வரி அரையாண்டுக்கு ஒருக்கா. ரெண்டுலயும் பதிவான போன் நம்பர் ஊர்ல உயிரோட இருக்கற நம்பரா இருக்கோணும். நீங்க விட்டுட்டு வந்த பழைய சிம் நம்பருக்கு எஸ்எம்எஸ் போயிட்டு இருக்கும், இங்க ஃபியூஸைப் புடுங்கிட்டுப் போயிருவாங்க.

பின்னாடி மாடியை வாடகைக்கு விடலாம்னு நெனைச்சா, எழுத்து ஒப்பந்தம் போட்டு வாடகை அதிகார அமைப்புல பதிவு பண்ணோணும், 2017 சட்டம். வாடகை வழக்கமா என்.ஆர்.ஓ.வுக்குத்தான் வரும், குடியிருக்கறவரு அதுல 31.2 சதவீதம் வரி புடிச்சுக் கட்டோணும். இதைக் கேட்டதும் பாதிப் பேரு குடி வர மாட்டாங்க.

குண்டடத்தான்

எல்லாம் சரி. ஆனா மாடி எதுக்குங்க இப்போ? வருசத்துல ஒரு மாசம் இருக்க 900 சதுர அடியைக் கட்டி, பதினோரு மாசம் அதுக்குக் காவல் காக்கோணும். கீழயே இன்னொரு ரூம் போடுங்க, 1,400-ஐ 1,600 ஆக்குங்க. பசங்க பெரியவங்களாகி என்ன கேக்கறாங்கன்னு பாத்துட்டு மேல ஏத்திக்கலாம். மிச்சப் பணத்துல பொடக்காலிப் பக்கம் ஒரு நல்ல தாழ்வாரம் போட்டா அம்மாவுக்குத்தான் தினம் உபயோகம்.

சைட்_இன்ஜினியர்_பல்லடம்

குண்டடத்தாரு சொல்றது எனக்கும் சரியாத்தான் படுது. ஆனா அப்படிப் பண்றதா இருந்தா ஃபுட்டிங்கும் தூணும் மாடியோட சேர்த்தே டிசைன் பண்ணிருங்க, இப்பக் கூடுதலாகற செலவு கொஞ்சம்தான். பின்னாடி அஸ்திவாரத்தைப் பலப்படுத்தறது ஆகாத காரியம். மாடிப் படிக்கு எடம் விட்டு, மாடிக்குப் போற கரண்ட் பைப்பும் தண்ணி லைனும் கூரை வரைக்கும் கொண்டு போய் மூடி வைங்க.

தூண் கம்பியை மேல நீட்டி விடறப்ப அளவு முக்கியம். ஒட்டுக்கு விட்டத்தைப் போல 50 மடங்கு நீளம், 16 எம்எம்-னா 800 மில்லி. எல்லாக் கம்பியும் ஒரே எடத்துல ஒட்டு வராம, பாதியை ஒரு உயரத்துலயும் மிச்சத்தை இன்னும் மேலயும் விடோணும். சும்மா நீட்டி விட்டா மூணு நாலு மழையில துருப்பிடிச்சு விட்டம் கொறைஞ்சுரும். சிமெண்ட் பால் அடிச்சு, சுத்திலும் மெலிசான கான்கிரீட், அதாவது 1:4:8, போட்டு மூடுங்க, வேணுங்கறப்ப உடைச்சு எடுத்துக்கலாம். கம்பி கூரையில நுழையற எடத்துல சுத்தி ரெண்டு இஞ்சு உயரம் திண்டு வைங்க. அந்த எடத்துல தண்ணி தேங்கினா தூண் வழியா நேரா கீழ ஹாலுக்கு எறங்கும். தட்டோடு போடறவரு அந்தத் திண்டை எடஞ்சலா இருக்குதுன்னு தட்டி எடுத்துருவாரு, அன்னைக்கு ஒருத்தரை மாடியில நிக்கச் சொல்லுங்க.

மொட்டைமாடி வேலை முடிஞ்சதும் வாய்களை அடைச்சு ரெண்டு இஞ்சு தண்ணி நிறுத்தி, 48 மணி நேரம் கழிச்சுக் கீழ சீலிங்கை போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்க. தூணைச் சுத்தி இருக்கற எடத்தைக் கிட்டத்துல எடுக்கோணும், அதைப் பாத்துட்டு அந்தக் கட்டத் தொகையை விடுங்க.